முதல் மழைக்கு வெள்ளைச் சட்டை

இன்றைக்கும் மழை பெய்தால் அவள் வானத்தைப் பார்ப்பதில்லை. முன்னால் குடை பிடித்துப் போகிறவரின் தோளைத்தான் பார்ப்பாள். பேருந்து நிறுத்தமோ, மருத்துவமனை வாசலோ, முன்பின் தெரியாத மனிதரின் சட்டையை அவள் கண் தானாகப் போய்த் துழாவும். "அம்மா, யாராவது தப்பா நினைச்சுக்கப் போறாங்க" என்று மகன் முணுமுணுப்பான். அவனுக்கென்ன தெரியும்? அவன் குடையைக் கடையில் வாங்கியவன். அவள் குடைகளுக்கு நடுவில் பிறந்தவள்.

அவர்கள் வீட்டுச் சமையலறையின் பின்கதவைத் திறந்தால் கம்பெனி. ஒரு படி இறங்கினால் போதும், தகரக் கூரை போட்ட நீளமான கூடம். பெரியம்மா அடுப்பில் கொதிப்பதைக் கிளறிவிட்டு, கரண்டியை வைத்த கையோடு வந்து குடைக்குப் பிடி மாட்டுவாள். கூடத்தின் ஒரு கோடியில் கட்டிங் மாஸ்டரின் மேசை. துணியை அடுக்கடுக்காக விரித்து, முழங்கை நீளக் கத்தரியால் முக்கோணம் முக்கோணமாக வெட்டித் தள்ளுவார். எட்டு முக்கோணம் சேர்ந்தால் ஒரு குடை. அவற்றைச் சேர்த்துத் தைப்பது தையல்கார அக்கா; அவள் வாய்க்கும் தையல் மெஷினுக்கும் நடந்த போட்டியில் மெஷின் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அடுத்து கம்பி அண்ணன். கம்பிகளைக் கோத்துக் கூடு கட்டுவது அவர் வேலை, ஆளும் கம்பிதான். "காத்தடிச்சா அவர் சட்டைப் பையில ரெண்டு ஆணி போட்டு விடுங்க" என்பாள் அக்கா. கடைசி மேசையில் அப்பா. முடிந்த குடை ஒவ்வொன்றையும் ஒரு முறை விரித்து, மடக்கி, பட்டியைச் சுற்றி, உறைக்குள் நுழைப்பார். காலை முதல் சாயங்காலம் வரை கூடத்தில் படக், படக் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும்.

பள்ளிக்கூடம் விட்டதும் பையைச் சமையலறையில் எறிந்துவிட்டு அவள் நேராகக் கூடத்துக்கு ஓடுவாள். வெட்டு விழுந்த துணிக் குவியல்தான் அவள் நாற்காலி, கட்டில், சிம்மாசனம். அங்கே அவளுக்குப் பெயர் வாண்டு. ஒன்பது வயது வாண்டு இல்லாத கேள்வியெல்லாம் கேட்கும், எல்லோரும் வேலை செய்துகொண்டே பதில் சொல்வார்கள். பெரியப்பா மட்டும் பதில் சொல்ல மாட்டார். "வேலையைப் பாரு" என்பார், அவளுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது என்று தெரிந்தும்.

கம்பெனியை நடத்தியது பெரியப்பா. அப்பா தம்பி, அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. பெரியப்பா கெட்டவர் இல்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர், அவ்வளவுதான். அவர் பிடித்த முயலின் நிறம் கருப்பு. "குடைன்னா கருப்பு" என்பார். "வெயிலைத் தாங்கும், அழுக்கைத் தாங்கும், ஆளுக்கு ஒரு மரியாதை." அதனால் அந்தக் கூடத்தில் வெட்டினதும் கருப்பு, தைத்ததும் கருப்பு, அடுக்கினதும் கருப்பு. வேலை முடிந்து மூக்கைச் சிந்தினால் அதுவும் கருப்பாகத்தான் வரும்.

ஆனால் கருப்பிலும் அவருக்குக் கண்மூடித்தனமான நம்பிக்கை கிடையாது. அங்கேதான் வந்தது மழை நடை.

அந்த வருடத்துக் குடைகள் எவ்வளவு தயாராக இருந்தாலும் முதல் மழை வரும்வரை ஒன்றுகூட வெளியே போகாது. தகரக் கூரையில் முதல் துளி விழுந்ததும் பெரியப்பா போய் மின்சாரத்தை நிறுத்துவார். கூடத்தின் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வெள்ளைச் சட்டை. ஆணும் பெண்ணும் போட்டிருக்கும் உடைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு, அடுக்கிலிருந்து கையில் கிடைத்த புதுக் குடையை எடுத்துக்கொண்டு, வரிசையாகத் தெருவில் இறங்க வேண்டும். தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். குடையைத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், ஓரத்தில் சொட்டும் தண்ணீர் தன் தோளிலேயே விழும்படி. ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் தோளைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். சாயம் ஓடிச் சொட்டுப் பட்டிருந்தால் "கறை!" என்று கத்த வேண்டும். கத்தினால் அந்தத் துணியில் தைத்தது மொத்தமும் தள்ளுபடி. சத்தம் எழாமல் திரும்பி வந்தால் எல்லாம் தேறியது. வாயைத் திறக்காமல் வருவதுதான் அங்கே வெற்றி. தையல்கார அக்காவுக்கு வருடத்திலேயே கஷ்டமான நாள் அதுதான்.

தெருக்காரர்கள் அவர்களைக் கொக்குக் கூட்டம் என்பார்கள். ஒரு வருடம் மில்காரன் ஏமாற்றிவிட்டான். போகும்போது கொக்காகப் போனவர்கள் வரும்போது காக்கையாக வந்தார்கள். அதை டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். பெரியப்பா மட்டும் சிரிக்காமல், தன் சட்டையை அப்படியே ஒரு பொட்டலமாகக் கட்டி மில்லுக்கு அனுப்பி வைத்தார்.

அவளை அதுவரை மழை நடையில் சேர்த்ததில்லை. ஜன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பாள். வெள்ளையும் கருப்புமாக அந்த வரிசை மழைக்குள் போவதைப் பார்க்கும்போது அவள் கால்கள் நின்ற இடத்திலேயே நடக்கும். தானும் போக வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை அப்போது அவளிடம் இல்லை, சிவப்புச் சுருள் வரும்வரை.

அது மில்காரன் செய்த தவறு. துணிக் கட்டைப் பிரித்துக்கொண்டே வந்த மாஸ்டர் "ஐயோ" என்றார். கருப்புச் சுருள்களுக்கு நடுவில் ஒன்று, கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மெஷின் நின்றது. கம்பி அண்ணன் குறடைக் கீழே வைத்தார். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று, தொட்டால் சுடுமோ என்பதுபோலப் பார்த்தார்கள்.

"திருப்பி அனுப்பு" என்றார் பெரியப்பா.

"ஒன்னே ஒன்னு தைக்கலாம் பெரியப்பா!"

"எதுக்கு?"

"போன வருஷம் ஸ்கூல்ல என் குடையை எவளோ எடுத்துட்டுப் போயிட்டா. எல்லாம் கருப்பு, எல்லாம் ஒரே மாதிரி. நான் எவளோட குடையையோ எடுத்துட்டு வந்தேன். குடைக் கம்பெனிப் புள்ள, ஊரான் வீட்டுக் குடையோட வந்து நின்னேன்!"

அக்கா சிரிப்பை அடக்க ஊசியை வாயில் கவ்விக்கொண்டாள். அப்பா மிகவும் அக்கறையாக ஒரு குடையை மடக்கினார்.

"சிவப்புச் சாயம் நிக்காது" என்றார் பெரியப்பா. "ஒரு தூறலுக்கே ஓடிடும். போட்டிருக்கிற சட்டை அவ்வளவுதான்."

"ஓடலைன்னா?"

அவரிடம் அப்படி யாரும் எதிர்க் கேள்வி கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"சரி. ஒன்னு தைக்கட்டும். நீயே பிடிச்சிக்கிட்டு மழை நடைக்கு வா. சட்டையில கறை இல்லாம திரும்பி வந்தா, இந்தச் சுருள் முழுக்கக் குடை தைக்கலாம். கறை பட்டுச்சுன்னா, இந்தக் கம்பெனியில கலருங்கற பேச்சையே எடுக்கக் கூடாது. நீ வளர்ந்து பெரிய ஆளான அப்புறமும் எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்று அவள் கத்தியதில் கூரையிலிருந்த புறா ஒன்று பறந்தது. மழை நடையும் கிடைத்தது, சிவப்பும் கிடைத்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் வயிறு நிறைந்துவிட்டது.

மாஸ்டர் எட்டு முக்கோணங்களை அப்படியொரு கவனத்தோடு வெட்டினார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் தைத்தாள். அதுவே ஒரு செய்தி. கம்பி அண்ணன் கம்பிகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோத்தார். அப்பா ஒரு முறை விரித்து மடக்கிய பிறகு தேர்வுக் குடையை மழைக்கு முன்னால் மறுபடி விரித்துப் பார்க்கக் கூடாது, வாங்குகிறவன் கைக்கு எப்படிப் போகுமோ அப்படியே மழைக்குப் போக வேண்டும் என்பது பெரியப்பா சட்டம். அதனால் உறையில் போட்டு, சாமான் அறை ஆணியில் தொங்கவிட்டார்கள். மாஸ்டர் தன் பழைய வெள்ளைச் சட்டையை வெட்டிச் சிறிதாக்கி அவளுக்குக் கொடுத்தார். சுவரில் புதிதாக ஓர் ஆணி அடிக்கப்பட்டது, மற்ற ஆணிகளைவிடத் தாழ்வாக. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த ஆணியைத் தொட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

பிறகுதான் பயம் வந்தது. சாயம் ஓடிவிட்டால்? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஆயுசுக்கும் கருப்பு. அவள் முகத்தைப் பார்த்த அக்கா, மதிய இடைவேளையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"புதுத் துணியில எச்சா இருக்கிற சாயம்தான் ஓடும் வாண்டு. உப்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தா அது போயிடும். மிச்சம் கெட்டியா நிக்கும்."

"பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"விரிச்சுப் பாக்கக் கூடாதுன்னுதானே சொன்னாரு? குளிப்பாட்டக் கூடாதுன்னு சொன்னாரா?"

பின்பக்கக் குழாயடியில் ஒரு வாளி, நாலு கை உப்பு. இருவரும் குடையை மடக்கியபடியே முக்கி எடுத்து, உலர்த்தி, உறைக்குள் போட்டு, ஒன்றும் தெரியாத பூனைகளாகத் திரும்பி வந்தார்கள். தண்ணீர் கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை. அவள் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

வானம் அவர்களைக் காக்க வைத்தது. தினமும் மேகம் வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். அவள் மாடிக்கும் கூடத்துக்கும் ஓடி ஓடி முழங்காலில் சிராய்த்துக்கொண்டாள். கூடத்தில் எல்லோருக்குமே ஒரு பரபரப்பு. ஏனோ ஆளாளுக்குச் சாமான் அறைப் பக்கம் வேலை முளைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மா சமையலறையிலிருந்து கத்தினாள். "வினிகர் பாட்டிலைக் காலி பண்ணது யாரு? நேத்துதான் புதுசா உடைச்சேன். ஏய் வாண்டு, குடிச்சுத் தொலைச்சியா?" அவள் சத்தியம் செய்தாள். பெரியம்மா நம்பவில்லை. செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்குவது அவளுக்குப் புதிதில்லை. செய்த குற்றங்கள் நிறைய பாக்கி இருந்ததால் கணக்கு நேராகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலையிலிருந்தே புழுக்கம். பெரியப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கோபமாக இருக்கிறார் என்று எல்லோரும் குனிந்து வேலை பார்த்தார்கள். மதியம் தாண்டி, வெளிச்சம் சட்டென்று மங்கியது. ஒரு காற்று வந்து துணித் துண்டுகளைத் தூக்கி எறிந்தது.

டொக்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

டொக். டொக். அப்புறம் கூரை முழுக்க ஒரே இரைச்சல்.

மின்சாரம் நின்றது. "சட்டை!" என்று பெரியப்பா குரல் கொடுத்ததுதான் தாமதம், கூடம் அமளிதுமளிப்பட்டது. அக்கா ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு ஓடினாள். கம்பி அண்ணன் மாஸ்டரின் சட்டையை மாட்டிக்கொண்டு அதற்குள் காணாமல் போனார். அவள் தன் தாழ்ந்த ஆணியிலிருந்து சட்டையை இழுத்து, பொத்தானை மாற்றிப் போட்டு, சாமான் அறைக்கு ஓடி, உறையோடு குடையை மார்பில் அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வரிசை தயாராக நின்றது. முன்னால் பெரியப்பா. அவர் பின்னால் பெரியம்மா, அப்பா, அக்கா. அடுத்து அவள். அவளுக்குப் பின்னால் மாஸ்டர், கடைசியில் கம்பி அண்ணன்.

பெரியப்பா தலையசைத்தார். படக், படக், படக் என்று குடைகள் விரிந்தன.

அவள் உறையை உருவி, பொத்தானை அழுத்தினாள். கிரீச். பாதியில் நின்றது. முழு பலத்தோடு தள்ளினாள். கிரீச்ச்ச் என்று அழுதுகொண்டே விரிந்தது.

சிவப்பு இல்லை. ரோஜா நிறம்கூட இல்லை. காய்ச்சல்காரன் உதடுபோல வெளிறிய, அங்கங்கே திட்டுத் திட்டான ஏதோ ஒன்று. கம்பிகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. பின்னாலிருந்து "என் கம்பி!" என்று ஒரு முனகல் கேட்டது.

என்ன ஆயிற்று என்று யோசிக்க நேரமில்லை. வரிசை நகர்ந்துவிட்டது. அவள் தெருவில் இறங்கினாள்.

மழை குடைமேல் விழுந்தது. குடை மழையை ஒரு கணம்கூடத் தடுத்து நிறுத்தவில்லை, உள்ளே வாங்க என்று வழிவிட்டது. மூக்கில் சொட்டியது, கழுத்துக்குள் வழிந்தது, காதுக்குள் போனது. டீக்கடை வாசலில் நின்ற பையன்கள் "அது குடையா சல்லடையா?" என்று கூவினார்கள். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. அவள் காது முழுக்கப் பின்னால் இருந்தது, மாஸ்டரின் வாயில். அவர் கத்தவில்லை. இன்னும் கத்தவில்லை. கறை இல்லை! நனைந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, அவள் சிரித்துக்கொண்டே நடந்தாள்.

டீக்கடைத் தாழ்வாரத்தில் வரிசை நின்றது. கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் வாண்டு, நீ குடைக்கு உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?"

பெரியப்பா திரும்பி வந்து அவள் முன்னால் நின்றார். தலைமுடியிலிருந்து தண்ணீர் வழிய அவள் நிமிர்ந்து நின்றாள்.

"கறை இல்ல பெரியப்பா! பாருங்க, சட்டை வெள்ளை!"

"கறை இல்ல, சரி. நனைஞ்சிருக்கியே?"

"நனையக் கூடாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இத்தனை வருட மழை நடையில் குடை ஒழுகக் கூடாது என்று ஒரு விதி வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. வாய் எதற்கோ அசைந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார்.

"இது அந்தச் சிவப்புத் துணிதானா? யார் இதுல கை வெச்சது?"

அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். உப்பு என்று சொன்னால் அக்கா மாட்டிக்கொள்வாள். அதற்குள் அக்காவே முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தாங்க. உப்புத் தண்ணியில முக்கினேன். ஒரே ஒரு தடவைதான். சத்தியமா அப்போ சிவப்பாத்தான் இருந்துச்சு."

"நானும் முக்கினேன்" என்றாள் அவள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான் படிகாரத்தண்ணியில போட்டேன். சாயம் பிடிச்சுக்கும்னு... உப்பு போட்டிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

"படிகாரமா?" என்று அதிர்ந்தார் அப்பா. பேச மாட்டாரே, அந்த அப்பாதான். "நான் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி வெச்சேனே! அப்பவே ஏன் வழவழன்னு இருக்குன்னு பாத்தேன்."

பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லோர் பார்வையும் வரிசையின் கடைசிக்குப் போயிற்று. கம்பி அண்ணன் மாஸ்டரின் சட்டைக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினார்.

"சலவை சோடா" என்றார். "ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். மறுநாள் தண்ணி ரத்தமா இருந்துச்சு. எச்சா இருந்த சாயம் எல்லாம் போயிடுச்சேன்னு சந்தோஷப்பட்டேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை இதுதான். மழைத் தண்ணீருக்கு ஓடுமோ என்று பயந்தவர்கள் சேர்ந்து கொதிதண்ணீரும் சோடாவும் காட்டி, சாயத்தையும் ஓட்டி, தண்ணீர் ஒட்டாத பூச்சையும் கழுவித் தள்ளி, கம்பியையும் துருப்பிடிக்க வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம், அவளுக்காக. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் உதடு துடித்தது. தோற்றுப்போனாலும் பரவாயில்லை என்று அந்த ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. அடுத்த நொடியே, இல்லை, பரவாயில்லை இல்லை, ஆயுசுக்கும் கருப்பு என்ற நினைப்பு வந்து நெஞ்சைப் பிடித்தது.

பெரியப்பா "ம்" என்றார். கையை நீட்டி அவள் குடையின் ஓரத்தைப் பிடித்து, துணியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். காலையிலிருந்து பின்னால் கட்டியிருந்த விரல்கள். நகம் ஒவ்வொன்றின் ஓரத்திலும், நகக்கண்ணுக்குள்ளும், வெளிறிய சிவப்பு. குனிந்திருந்த அவர் கையிலிருந்து இன்னொன்றும் வந்தது. ஊறுகாய் பாட்டிலைத் திறந்ததுபோல ஒரு புளிப்பு வாசனை.

"கறை!" என்று கத்தினாள்.

எல்லோரும் திடுக்கிட்டு அவரவர் தோளைப் பார்த்துக்கொண்டார்கள்.

"சட்டையில இல்ல! பெரியப்பா நகத்துல! கறை!"

பெரியப்பா கையைப் பின்னால் இழுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த முகம். அதற்குள் பெரியம்மா அந்தக் கையைப் பிடித்து முகர்ந்துவிட்டாள்.

"என் வினிகர்! ஐயையோ, புள்ளையை வாய்க்கு வந்தபடி திட்டினேனே! ஏங்க, நீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"முந்தாநாள் இவ அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு, யாரும் இல்லைன்னு நினைச்சு கூடத்துல நடந்து பாத்தா. என்னை மாதிரியே கையைப் பின்னால கட்டிக்கிட்டு, என்னை மாதிரியே தலையை ஆட்டிக்கிட்டு. நாளைக்குக் கறை பட்டுதுன்னா அந்த முகத்தை நான் எப்படிப் பாக்கறது? அதான் பாட்டிலை எடுத்தேன். நான் ஒருத்தன்தான் கை வெக்கறேன்னு நினைச்சேன்..."

"இன்னைக்குக் குடையோட சாயம் மட்டும் இல்ல, முதலாளி சாயமும் வெளுத்துப் போச்சு!" என்றாள் அக்கா. அவ்வளவுதான், அடக்கி வைத்திருந்த சிரிப்பு எல்லாம் ஒன்றாக வெடித்தது. அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கம்பி அண்ணன் டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பாவே சிரித்துவிட்டார். அவர் பற்களை அவள் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"குடை தேறல."

அவள் குடையைத் தாழ்த்தினாள்.

"குடைதான் தேறல. துணி இன்னும் பரீட்சையே எழுதலையே! புதுசா ஒன்னு வெட்டுங்க. அடுத்த மழை வரைக்கும் யாரும் அதுக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டக் கூடாது. உப்பு, சோடா ஒன்னும் கிடையாது. நானும் தொட மாட்டேன்."

"யார் பிடிச்சிக்கிட்டு நடக்கறது பெரியப்பா? நானா?"

"நான்" என்றார் அவர். "முன்னால நடக்கறவன் நான்தானே? நீ என் பின்னால வா. கறை தெரிஞ்சா கத்து. பெரியப்பான்னு பாக்காதே."

அடுத்த மழைக்கு அவர்கள் காத்திருந்த பாட்டைச் சொல்லி மாளாது. சாமான் அறைச் சாவியைப் பெரியம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். அவளுக்கு யாரிடமும் நம்பிக்கையில்லை, கட்டின புருஷனிடம்கூட. கடைசியில் ஒரு சாயங்காலம், பள்ளி விட்டு அவள் வாசலில் கால் வைக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. புத்தகப் பை எங்கே விழுந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

படக்.

இந்த முறை அது அழவில்லை. ஒரே வீச்சில் விரிந்தது. கருப்புக் குடைகளுக்கு முன்னால், பெரியப்பாவின் தலைக்கு மேல், அப்படியொரு சிவப்பு! தெருவில் போனவர்கள் நின்றார்கள். மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார். பெரியப்பா எதையும் பார்க்காமல், குடையை வேண்டுமென்றே மிகத் தாழ்த்திப் பிடித்து, நேராக நடந்தார்.

அவள் கருப்புக் குடையோடு அவர் பின்னால். கம்பியின் நுனியில் ஒரு சொட்டு திரளும், தொங்கும், அவளுக்கு மூச்சு நிற்கும், பொட்டென்று அவர் தோளில் விழும். வெள்ளைத் துணியில் ஒரு ஈரப்புள்ளி. நிறம் இருக்கிறதா? இல்லை. அடுத்த சொட்டு. இல்லை. வலது தோள், இடது தோள், முதுகு. டீக்கடை வந்தது, திரும்பினார்கள். அவளுக்குப் பின்னாலிருந்த யாரும் அவள் தோளைப் பார்க்கவில்லை என்று பிறகு தெரிந்தது. எல்லோரும் எட்டி எட்டிப் பெரியப்பாவின் தோளைத்தான் பார்த்திருக்கிறார்கள். இமைக்காமல் பார்த்துப் பார்த்து அவள் கண் எரிந்தது. கம்பெனி வாசல் வந்தது. படி. பெரியப்பா கூரைக்குள் நுழைந்து குடையை மடக்கினார். கழுத்துப் பட்டி முதல் விளிம்பு வரை சட்டை வெள்ளை.

தேறினால் வாயைத் திறக்கக் கூடாது. கத்துவதற்கு அங்கே ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அது கறை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்தியிருந்தாள். வாண்டால்தான் அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து எதுவோ முட்டிக்கொண்டு வந்தது.

"வெள்ளை!"

கூடம் உறைந்தது. மழை நடையில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. பெரியப்பா திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே, மடக்கின சிவப்புக் குடையை ஊன்றி நின்றார்.

"என்ன சொன்னே? மழையில ஒன்னும் கேக்கல. நல்லா சத்தமா சொல்லு."

அவள் நெஞ்சு முட்ட மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். மாஸ்டர் சொன்னார், அக்கா சொன்னாள், கம்பி அண்ணன் சொன்னார், பெரியம்மா சொன்னாள், எல்லாரையும்விடச் சத்தமாக அப்பா சொன்னார். கூரை இரைச்சலையும் மீறி அது டீக்கடை வரைக்கும் கேட்டது.